சத்தமில்லாத குழாய்

குழாயின் வாயில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டுத்தான் துரைராஜ் சொம்பைக் கையில் எடுப்பார். வாஷர் தேய்ந்த குழாய். சொட்டுச் சொட்டாக விழும். துணி கட்டினால் தண்ணீர் அதைப் பிடித்து ஓசையில்லாமல் வழிந்துவிடும். "இந்தச் சத்தம் கேட்டா இன்னா ஆவும் சார்? குந்திகினு கீற அத்தினி பேரும் எழுந்து ஓடுவான்" என்பார்.

தி. நகரில், ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஸ்கேன் நிலையம். அடிவயிற்றைப் படம் எடுக்கச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரப்புவது துரைராஜின் வேலை. ஐம்பத்தெட்டு வயது, காக்கிச் சட்டை, காதோரம் நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி. கோட்டூர்புரம் ஆற்றோரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். "குடி நைனா, இன்னொரு டம்ளர். மெட்ரோ தண்ணி இல்ல, நானே காய்ச்சி வச்சது" என்று பெஞ்சு பெஞ்சாகக் கெஞ்சிக்கொண்டு போவார்.

என் சித்தப்பா கஸ்தூரிரங்கன் மயிலாப்பூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ப்ராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் அவருக்கு அளவு கொஞ்சம் கூடியிருந்தது. போன வருஷக் கடைசியில் நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். ஆண்பிள்ளைகளின் கூச்சம் இருக்கிறதே, அப்பப்பா! புற்றுநோயைவிட, பின்வழியாக விடுகிற அந்த ஸ்கேன் குழலுக்குத்தான் மனுஷர் அதிகம் பயந்தார். "ரத்தம்தான் எடுத்தாச்சே, இது வேற எதுக்கு? நான் ஆத்துக்குக் கிளம்பறேன்" என்று எழுந்தே விட்டார்.

துரைராஜ் குறுக்கே வந்து நின்றார். "ரத்தம் ஒரு சாட்சி சாமி, படம் ஒரு சாட்சி. ஒத்த சாட்சிய நம்பி யாரையாச்சும் உள்ள போடுவாங்களா? ரெண்டும் சேந்து இன்னா சொல்லுதுன்னு பாப்போம். கண்ணாடியக் குடு."

இதுவும் அவர் வழக்கம். உள்ளே போகிறவர்களின் மூக்குக்கண்ணாடி அவருடைய இடது பைக்குள் போகும். கடிகாரமும் மோதிரமும் வலது பைக்குள். வெளியே வந்ததும் கண்ணாடியைத்தான் முதலில் துடைத்துக் கொடுப்பார். "வரும்போது மூஞ்சி ஒரு மாதிரி கீதுல்ல? கண்ணாடி மாட்டற சாக்குல கொஞ்சம் சரி பண்ணிக்குவாங்க" என்றார். அதைக் கேட்டபோதே எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது.

சித்தப்பாவுக்கு வெறும் வீக்கம்தான். ரத்தத்தையும் படத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்த டாக்டர் அன்புக்கரசி, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அப்படிப் போனது இந்த மே மாத வெயிலில். சித்தப்பா பிளாஸ்கிலிருந்து மோர் ஊற்றி நீட்டினார். துரைராஜ் வேண்டாம் என்றார். நான் இளநீர் வாங்கி வந்தேன், அதுவும் வேண்டாம். உதடு வெடித்திருந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவர் தாம் ஒரு வாய் குடிக்கவில்லை.

சித்தப்பா அவரையே பார்த்தார். "எத்தனை நாளாப்பா இப்படி? குடிச்சா ஓடிண்டே இருக்கணும். ஓடினாலும் சரியாப் போறதில்லே. அதானே? இந்தத் திருட்டுத்தனத்தை நானும் பண்ணியிருக்கேன்."

துரைராஜ் சொம்பைக் கீழே வைத்தார். "வூட்ல ஜானகிக்குத் தெரியாது சாமி. ஆவணில பொண்ணு கண்ணாலம். அது முடியட்டும்னு பாத்துகினு கீறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அட பாவி மனுஷா, எங்களுக்கெல்லாம் சாட்சி, சாட்சி என்று பாடம் எடுத்தீரே! சித்தப்பா நேரே போய் டாக்டரின் கதவைத் தட்டினார். அன்றைக்கே துரைராஜின் ரத்தம் எடுக்கப்பட்டது. முடிவு வந்தபோது அளவு சித்தப்பாவுடையதைவிட எங்கேயோ மேலே இருந்தது. "இதை மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன் துரைராஜ். ஆனா ஸ்கேனைத் தள்ளிப்போடவும் விட மாட்டேன்" என்றார் டாக்டர்.

நேற்றுதான் ஸ்கேன். துரைராஜ் வழக்கம்போல் வந்து, குழாயில் துணியைக் கட்டிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சொம்பு அவர் மனைவி ஜானகியின் கையில் இருந்தது. "குடிய்யா, எம்மா நாளு என்னை ஏமாத்திகினு இருந்த!" என்று திட்டித் திட்டி ஊற்றினார். ஜானகிக்குக் கண் நிறைந்திருந்தது. அவசர அவசரமாகக் குடித்ததில் பாதித் தண்ணீர் துரைராஜின் சட்டையில் வழிந்தது. அன்று தமக்கு அங்கே எந்த வேலையும் இல்லாத சித்தப்பாவும் மயிலாப்பூரிலிருந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்த துரைராஜ், பழக்க தோஷத்தில், கண்ணாடி வாங்கச் சித்தப்பாவின் முன் கையை நீட்டிவிட்டார். பிறகு சட்டென்று இழுத்துக்கொண்டார்.

சித்தப்பா தம் கையை நீட்டினார். "உன்னோடதைக் குடுப்பா. நான் வச்சுண்டிருக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது. சித்தப்பா அங்கவஸ்திர நுனியை எடுத்து அந்த நூல் சுற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கதவு மறுபடி திறக்கிற வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார்.