பன்னிரண்டாவது பெட்டி

அன்று அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோரம், கம்ப்யூட்டருக்கு முன்னால், சிதம்பரத்திலிருந்து வந்த அறிவழகன். அவனுக்கு எதிரே டோக்கன் மேசையில் லோகநாயகி. கதவை ஒட்டிய மர ஸ்டூலில் மேனேஜர் கலியமூர்த்தி. அவர் 1.40க்குச் சாப்பிடப் போய்விட்டார். அதற்குப் பிறகு உள்ளே இரண்டே பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு எண்ணிப் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது.

இடம், கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் பேக்டரி. நாள், 2011 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. பட்டப்பகல். கட்டிச் சொல்கிற கதையாக இருந்தால் நடுராத்திரி என்றே வைத்துக்கொண்டிருக்கலாம். நடந்தது பகலில். அதனால் பகல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவழகனும் அவன் அக்கா புருஷன் செம்பியனும் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினார்கள். ஒரு வியாபாரத்தின் வரவு, போக்கு, சரக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. யாரும் அதைத் திறந்து, தங்களுக்கு வேண்டியதைத் தனி மாட்யூலாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஐஸ் பேக்டரி கேட்டது பெட்டி மாட்யூல். கடலுக்குப் போகிற போட் ஐஸோடு மீன் பெட்டிகளையும் வாங்கிப் போகும். கரைக்கு வந்ததும் பெட்டிகளைத் திருப்பி வைக்கும். போன தேதி, எத்தனை பெட்டி, திரும்பிய தேதி. அவ்வளவுதான். நாலு மணிக்கு முதலாளி பார்க்க வருவதாக இருந்தது.

பழைய ரெஜிஸ்டரில் 1,412 வரிகள். ஒரே ஒரு வரியில் மட்டும் திரும்பிய தேதி இல்லை. ‘வெண்மதி’ என்கிற போட். 2005 நவம்பரில், புயலுக்கு முந்தின நாள், பன்னிரண்டு பெட்டியோடு போனது. ஓட்டிப் போனவன் சாமிக்கண்ணு. லோகநாயகியின் புருஷன்.

அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடும்படி கலியமூர்த்தி காலையிலேயே சொல்லியிருந்தார். வராத போட்டுக்கு வந்தது என்றும் எழுதுவதில்லை, வரவில்லை என்றும் எழுதுவதில்லை. அந்தப் பேக்டரியின் வழக்கம் அது. வரவில்லை என்று மையால் எழுதுகிற அன்றைக்குத்தான் பொட்டை எடுப்பேன் என்று லோகநாயகி சொல்லிவிட்டாளாம். யாரும் எழுதவில்லை. அவள் நெற்றியில் பொட்டு இருந்தது.

“கம்ப்யூட்டருக்குக் காலி எடம் புடிக்காது சார்,” என்றான் அறிவழகன்.

“என் பொண்டாட்டிக்கும் அப்படித்தான். காலி எடத்தக் கண்டா ஒரு பீரோவ வாங்கிப் போட்டுடுவா,” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் சாப்பிடப் போனார்.

1.52. ரெஜிஸ்டர் முழுவதையும் ஏற்றும்போது அந்த ஒரு வரியில் வேலை நின்றது. திரும்பிய தேதி கட்டாயம் வேண்டும் என்று மாட்யூலில் எழுதி வைத்திருந்தவன் அறிவழகன்தான். யாரும் ஒரு வரியையும் அழிக்கக் கூடாது என்று எழுதியவனும் அவனே. அதையெல்லாம் மாற்ற நேரமில்லை. காலியாக இருக்கும் இடத்தில் இன்றைய தேதியைப் போட்டுக்கொள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டான். எல்லாம் ஏறியது. 1.58க்கு, அவன் வழக்கப்படி, ஒரு நகலைச் சிதம்பரம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைத்தான்.

“வெண்மதியும் ஏறிடுச்சா தம்பி?” என்று கேட்டாள் லோகநாயகி.

“ஏறிடுச்சுக்கா. சும்மா இன்னைக்குத் தேதி போட்டிருக்கேன். சாயந்தரம் மாத்திடுறேன்.”

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். வெண்மதி. பெட்டி 12. திரும்பியது 12-08-2011. போய் உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

2.06. கரண்ட் போனது. கம்ப்ரஸர் நின்றது. காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் நின்றதும், சுவர்கள் விலகிப்போன மாதிரி இருந்தது. யுபிஎஸ் மட்டும் பீப்... பீப்... என்றது. பதினைந்து நிமிஷம் தாங்கும்.

2.08. கதவுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், எதையோ இறக்கி வைக்கும் சத்தம்.

தொப்.

லோடுமேன்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டான். அவுங்க மூணு மணிக்குத்தான் வருவாங்க என்றாள்.

தொப்.

“ரெண்டு,” என்றாள்.

கதவின் அடியில் தண்ணீர் வந்தது. ஐஸ் உருகினால் வரும் தண்ணீர் நல்ல தண்ணீர். இதில் நுரை இருந்தது. பொடி மணல் இருந்தது.

தொப். தொப்.

அறிவழகன் அந்த வரியைத் திறந்தான். ஏனென்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு முடிவதற்குள் அந்தத் தேதி போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. தேதியை அழித்து, சேமி என்று அழுத்தினான்.

‘இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.’

அவன் எழுதி வைத்த வாக்கியம்.

தொப்.

வரியையே அழிக்கப் பார்த்தான். ‘அனுமதி இல்லை.’ அதுவும் அவன் எழுதியதுதான்.

தொப்.

மாட்யூலைத் திறந்தான். கட்டாயம் என்ற ஒரு சொல்லைத் தேடினான். மாற்றினான். மென்பொருளை நிறுத்தி மறுபடி கிளப்பினான். பழைய கம்ப்யூட்டர். திரையில் வட்டம் சுற்றியது... சுற்றியது...

தொப். தொப்.

“எட்டு.” லோகநாயகி எழுந்துவிட்டாள். காலடியில் தண்ணீர்.

வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“வெத்தில போட்டா இப்படித்தான் கனைப்பாரு,” என்றாள் அவள். குரலில் பயமே இல்லை.

“அக்கா, கதவத் தொறக்காதீங்க.”

தொப்.

யுபிஎஸ் வேகமாகக் கத்த ஆரம்பித்தது. 2.18.

தொப்.

அவள் கை தாழ்ப்பாளில்.

வட்டம் நின்றது. வரி வந்தது.

தொப்.

“பதினொண்ணு.”

தேதியை அழித்தான். சேமி.

ஏற்றுக்கொண்டது.

...

பன்னிரண்டாவது சத்தம் வரவில்லை. 2.20க்குத் திரை அணைந்தது. அவள் தாழ்ப்பாளை இழுத்தாள். வெயில். ஆள் இல்லை. பெட்டி இல்லை. ஈரத் தரையில் பதினொரு சதுரத் தடங்கள் மட்டும், ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

“இன்னும் ஒண்ணுதான் இருந்துச்சு. ஏன் தம்பி அழிச்சீங்க?”

நாலு மணிக்கு முதலாளி வந்தார், பார்த்தார், நல்லாயிருக்கு என்றார். அறிவழகனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பஸ் ஏறி நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை சிதம்பரம் ஆபீசில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். போனில் சொல்ல வாய் வரவில்லை. ‘உங்கள் வரி காலியாகவே இருக்கும். இனி யாரும் அதில் எதையும் எழுத முடியாதபடி மாட்யூலை மாற்றுகிறேன். நான்தான் அழித்தேன். மன்னிக்கவும்.’ அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தபோது செம்பியன் மாடியேறி வந்தான்.

“மச்சான், கீழ படிக்கட்டுல எதுக்கு மீன் பெட்டிய வெச்சிருக்க? நேத்து ரெண்டு இருபதுலேருந்து கெடக்குது. நாத்தம் தாங்கல.”

நேற்று 2.20க்குத் தான் கடலூரில் இருந்ததை அறிவழகன் சொல்லவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தான். 1.58க்கு அனுப்பிய நகல். அதை அவன் மறந்தே போயிருந்தான்.

வெண்மதி. பெட்டி 12. திரும்பியது 12-08-2011.

இங்கேயும் மாட்யூலை மாற்றிவிட்டு, அதையும் அழித்தான். கீழே போய்ப் பார்த்தான். ஒரே ஒரு பெட்டி. ராத்திரி முழுவதும் கிடந்தும் ஈரம் காயவில்லை. அடியில் சிப்பி ஒட்டியிருந்தது.

கடிதத்தில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. தெரிந்தால் அவள் வந்து எடுத்துப் போவாள். எடுத்துப் போய் அந்தப் பதினொரு தடத்துக்குப் பக்கத்தில் வைப்பாள்.

தாளை மடித்து உறையில் போட்டான். ஒட்டினான். கீழ வீதித் தபால் பெட்டிக்குப் போனான். மணி 10.50. உறைக்குள் இருந்தது ஒரே ஒரு தாள். உறையைத் துவாரத்தில் விட்டு, கையை எடுத்தான்.

தொப்.