வின்னியும் குளிக்காத டிராம்போனும்

வின்னிக்குத் தூசி என்றால் ஆகாது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மேசையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். அழுக்கு ஒட்டினால் அந்த விரலை, துடைத்தவர் மூக்குக்கு நேராக நீட்டுவாள். பழைய தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் அவள் வீட்டில் செருப்பு துடைக்கவே தனித் துணி உண்டு. கணவன் லாய்டுக்கு ராபர்ட்சன்பேட்டையில் மிக்சி ரிப்பேர் கடை. கடையிலிருந்து வருகிறவன் முன்வாசல் வழியாக நுழைய முடியாது. பின்கட்டில் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

இந்த வின்னிக்கு நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. சர்ச் பேண்டில் டிராம்போன் ஊதுகிறவள் அவள்தான். பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற அந்த வாத்தியத்தை, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் சர்ச்சுக்கு விட்டுப் போயிருந்தது. பதினோரு வருஷமாக அது வின்னியின் கையில். ஞாயிறு காலை ஆராதனை, புதன் மாலை ஒத்திகை, நடுவில் கல்யாணங்கள். கல்யாண ஊர்வலத்தில் அவள் குழாயை நீட்டுகிற வேகத்துக்கு முன்னால் போகிறவர்கள் முதுகைக் காப்பாற்றிக்கொண்டு நடப்பார்கள்.

போன வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு அவளுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். சாயங்காலங்களில் குளிரும் காய்ச்சலும். இரண்டு தெரு நடந்தாலே மூச்சு வாங்கியது. பாடலில் நீண்ட அடி வந்தால் பாதியிலேயே காற்று தீர்ந்து, டிராம்போன் பசுமாடு மாதிரி முனகியது. ஊர் டாக்டர் சளியைச் சோதித்தார், காசநோய் இல்லை என்றார். மாத்திரை, உறிஞ்சும் மருந்து எல்லாம் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு குணசுந்தரி அவளோடு தினமும் ரயிலில் போகிற சிநேகிதி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"உங்க அப்பாவுக்கு வந்தது உனக்கு வந்துகீதுடி. ரத்தத்துல கீது."

வின்னியின் அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் பூமிக்கு அடியில் பாறை துளைத்தவர். கல் தூசி நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் வந்து, கடைசி இரண்டு வருஷம் மூன்று தலையணையில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்து போனார். அந்த மூச்சுச் சத்தம் வின்னிக்கு மறக்காது. அதனால் குணசுந்தரி சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. லாய்டிடம்கூட ஒன்றும் சொல்லாமல், பெங்களூரில் நுரையீரல் டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

டாக்டர் ஷோபா பக்கத்து ஊரான பங்காருப்பேட்டைக்காரர். தமிழ் சரளமாகப் பேசினார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நுரையீரல் முழுக்கப் பஞ்சு தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது என்றார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

"புறா வளக்கறீங்களா?"

"இல்ல மேடம்."

"கோழி? கிளி? எறகு வச்ச தலையணை?"

"பஞ்சுத் தலையணைதான். மாசம் ஒருவாட்டி வெயில்ல போடுவேன்."

"வீட்ல பூஞ்சை புடிச்ச சுவரு? ஏர் கூலர்? விறகடுப்பு?"

"மேடம், என் வீட்ல தரையில சோறு போட்டு சாப்பிடலாம்."

"காய்ச்சல் எப்ப வருது?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம். அப்புறம் புதன்கெழம ராத்திரி."

டாக்டர் நிமிர்ந்தார். "கெழம பாத்து வருதா?"

"ஆமாம் மேடம். சர்ச்சுக்குப் போனா காய்ச்சல் வருதுன்னு என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோசம். அவர் இனிமே வரவே மாட்டேங்கறாரு."

"ஊர்ல இல்லாதப்ப எப்படி?"

வின்னி யோசித்தாள். மே மாதம் சென்னையில் தங்கை வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தாள். அங்கே காய்ச்சலே இல்லை, மாடிப்படிகூட ஏறினாள். ஊரைச் சுற்றியுள்ள சுரங்க மண்மேட்டுத் தூசி அங்கே இல்லாததால்தான் என்று அப்போது நினைத்திருந்தாள்.

"தூசிக்கு ஞாயிறு, புதன்னு தெரியாதும்மா," என்றார் டாக்டர். "அந்த ரெண்டு நாளும் நீங்க இன்னா செய்வீங்க?"

"டிராம்போன் ஊதுவேன்."

டாக்டரின் பேனா நின்றது. "அதைக் கடைசியா எப்ப கழுவினீங்க?"

"வெளியில தினமும் பாலிஷ் போடுவேன் மேடம். மொகம் பாக்கலாம்."

"உள்ள?"

"உள்ளயா?" என்றாள் வின்னி.

டிராம்போனைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அதுவரை வாய் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை காலை ரயிலில், நீண்ட கறுப்புப் பெட்டியைத் தலைக்கு மேல் வைக்க இடமில்லாமல், வின்னியும் குணசுந்தரியும் மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே துப்பாக்கியா என்று எதிரில் ஒருவர் கேட்டார். கேள்வி அடுத்த பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஒரு ரயில்வே போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"ஏனிது?" இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார்.

வின்னி திறந்து காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. கொஞ்சம் வாசியுங்கள் என்றார்.

"வாசிக்கக் கூடாது சார். டாக்டர் வேணாம்னுட்டாங்க. இதுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்."

"வாத்தியத்துக்கா?"

"ஸ்கேன் எடுக்கறாங்களாம்," என்றாள் குணசுந்தரி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

பெட்டி முழுக்கச் சிரிப்பு. வின்னி சிரித்துச் சிரித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடி சிரித்தாள். போலீஸ்காரர் இறங்கும்போது டிராம்போன் பெட்டியைத் தட்டி, "சீக்கிரம் குணமாகட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, கையுறை போட்ட ஒருவர் குழாயைக் கழற்றி வெள்ளைத் தட்டில் சாய்த்தார். பச்சையும் கறுப்புமாக, கெட்டுப்போன புளிக்கரைசல் மாதிரி ஒன்று மெல்ல வழுக்கி வந்து விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அறையில் நாற்றம் கிளம்பியது. பன்னிரண்டு மாடிக்கு விரல் நீட்டியவள், பதினோரு வருஷம் இதில் வாய் வைத்திருக்கிறாள். வின்னி சுவரோடு சுவராகச் சாய்ந்தாள்.

"வேலை செய்ற இடத்துல இதைச் சொல்லிடாதீங்க மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

வின்னியின் ரத்தத்தையும் சோதனைக்கு எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவுகள் வந்தன. குழாய்க்குள் பூஞ்சை இருந்தது. வின்னியின் ரத்தமும் அதே பூஞ்சையோடு போராடிக்கொண்டிருந்தது.

டாக்டர் விளக்கினார். ஊதும்போது மூச்சின் ஈரம் குழாய்க்குள் தங்குகிறது. அதில் பூஞ்சை வளர்கிறது. மூச்சு இழுக்கும்போது அதன் நுண்துகள் நுரையீரலுக்குள் போகிறது. உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் எல்லாம் அந்தச் சண்டையால்தான்.

"எங்க அப்பாவுக்கு வந்தது இல்லியா?" என்று வின்னி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"இல்லம்மா. அவருக்கு வந்தது தழும்பு. எந்த மருந்தும் அதை மாத்தாது. உங்களுக்கு இருக்கறது வீக்கம். காரணத்தை நிறுத்திட்டா வீக்கம் வத்தும். இன்னும் ரெண்டு வருசம் விட்டிருந்தா இதுவும் தழும்பாயிருக்கும்."

வின்னி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். வெளியே வந்து லாய்டுக்குப் போன் செய்து, "ஏங்க, நான் சாவ மாட்டேன், டிராம்போன்தான் அழுகிப்போச்சு" என்றாள். அவள் டாக்டரிடம் போனதே லாய்டுக்கு அப்போதுதான் தெரியும்.

மூன்று மாதம் ஊதக் கூடாது. தினமும் காலையில் சாப்பிட்ட பிறகு ஸ்டீராய்டு மாத்திரை. வாராவாரம் அளவைக் குறைக்க வேண்டும், தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பசி எடுக்கும், தூக்கம் குறையும், சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அது எச்சரிக்கை மாதிரியே வின்னிக்குத் தோன்றவில்லை. பத்து நாளில் காய்ச்சல் போனது. காலை ஐந்து மணிக்கே ஏணி போட்டு ஃபேன் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசினாள். ரயிலில் தன் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு குணசுந்தரியின் எலுமிச்சை சாதத்துக்குக் கை நீட்டினாள். முகம் உப்பி, கன்னம் இரண்டும் பன் மாதிரி ஆனது.

"இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி கீற," என்றாள் குணசுந்தரி.

ஆனால் வின்னிக்கு அந்த வேகம் போதவில்லை. பெரிய பித்தளை வாத்தியமான டியூபாவை ஊதுகிற பேண்ட் தலைவர் ஆர்தரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்தர் அண்ணே, ஒங்க டியூபாவைக் கழுவி எத்தினி வருசம் ஆச்சு?"

அறுபத்தேழு வயது ஆர்தர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை சர்ச் வளாகத்தில் எட்டு வாத்தியங்களும் கழற்றிப் போடப்பட்டன. மூன்று பெரிய டப்பில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், நீண்ட பிரஷ், ஸ்பிரிட், காயப்போட வெள்ளைத் துணி. வின்னி முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு தூர நின்று கட்டளையிட்டாள். சின்ன எக்காளம் மாதிரியான ஒரு கார்னெட்டுக்குள் அந்துருண்டை இருந்தது. ஆர்தரின் டியூபாவைக் கவிழ்த்தபோது காய்ந்த கரப்பான்கள், ஒரு பேனா மூடி, கடைசியில் அவருடைய பழைய மூக்குக் கண்ணாடி விழுந்தது.

"இதைத் தேடாத எடம் இல்ல!" என்று கத்திய ஆர்தர், அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி அங்கேயே போட்டுப் பார்த்தார். அன்று யாரும் நேராக நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மூச்சுச் சோதனை. குழாயை வாயில் வைத்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று ஆள் கத்தும் சோதனை. சிகிச்சைக்கு முன் எடுத்தபோது பாதியைத் தாண்டிக் கொஞ்சம்தான் காட்டியது. இந்த முறை நூற்றுக்கு எண்பத்து நான்கு. நுரையீரலின் அடியில் சின்னத் தழும்பு மட்டும் நிற்கும், குளிர் நாட்களில் கவனமாக இருங்கள் என்றார் டாக்டர் ஷோபா. முதலில் ஐந்து நிமிடம் ஊதலாம். ஒவ்வொரு முறையும் கழுவி, காயவைத்து, பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும்.

அன்று மாலையே வின்னி வீட்டு வாசலில் நாற்காலி போட்டாள். லாய்ட் கடையை மூடிவிட்டு வந்தான். குணசுந்தரி முறத்தில் அரிசியோடு வந்தாள். ஆர்தர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வின்னி உதட்டைக் குவித்தாள். ஆர்தரின் கண்ணாடி நினைவுக்கு வந்து சிரிப்பு வெடித்தது. சிரித்தால் உதடு குவியாது. இரண்டாவது முறை லாய்டைப் பார்த்துவிட்டாள். மூன்றாவது முறை குணசுந்தரியே ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு நிமிசம் போச்சு," என்றார் ஆர்தர் கண்டிப்பாக.

வின்னி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி, வயிறு நிறைய மூச்சை இழுத்து, ஒரே ஒரு சுரத்தை ஊதினாள். அது நீண்டது. ஆர்தர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோகும் அளவுக்கு நீண்டது.