கரி பஸ்ஸுக்கு முன்னால்

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் செஞ்சி பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பை ஏற்றிவிட்டார்கள். அந்தக் கரிப்புகையில்தான் எஞ்சின் ஓடும். வழியில் நின்றால் போச்சு, அணைந்துவிடும். அப்புறம் கைச்சக்கரத்தைச் சுற்றி, அடுப்பை ஊதி, மறுபடி கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் கிளீனர் தேவசகாயத்துக்குக் கடைத்தெருவில் ஒரே வேலை, பஸ்ஸுக்கு முன்னால் ஓடி ஆட்களை விலக்குவது.

விலகுகிறவர்களா அவர்கள்? மல்லாட்டைக் கடலை மூட்டை வண்டியை நடுத்தெருவில் அவிழ்த்துப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். மளிகைக்கடை பூவராகவன் கடைக்குள் இருந்ததைவிடத் தெரு நடுவில் நின்று ஊர்க்கதை பேசியதுதான் அதிகம். "ஓரம் போங்க மொதலாளி" என்றால், "இன்னாப்பா அவசரம், பஸ்ஸு பறந்துடவா போவுது?" என்பார். மரியாதைக்குச் சிரித்துவைத்து, மனசுக்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஓடுவான் தேவசகாயம்.

ஒரு நாள் அவன் மனைவி அருளம்மாளுக்கு வலி எடுத்து, ராத்திரி முழுக்கப் போராடியும் பிரசவம் ஆகவில்லை. "இனிமே என்னால ஆவாது, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். விடிந்ததும் அருளம்மாளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, தன் அக்கா லூர்துமேரியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போல முன்னால் ஓடினான். அன்றைக்கு ஒரு தப்பு செய்தான். ஒருநாளும் சொல்லாத காரணத்தைச் சொல்லிவிட்டான்.

"ஓரம் போங்க, என் சம்சாரம் வலியோட உள்ள கெடக்குது, வழி உடுங்க."

அவ்வளவுதான். ஓரத்தில் இருந்தவர்களும் நடுவுக்கு வந்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். தலைச்சனா, எத்தனை நேரமாக வலி என்று விசாரித்தார்கள். பூவராகவன் நேராக எஞ்சினுக்கு எதிரே வந்து நின்று, "ஐயோ பாவம், முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா" என்றார். பஸ் இரண்டு தரம் குலுங்கி அணைந்தது.

உள்ளே அருளம்மாள் முனகுவது கேட்டது. அத்தனை பேர் கழுத்தையும் நெரித்துவிடலாம் போலிருந்தது தேவசகாயத்துக்கு. அவசரத்தில் சக்கரம் கைக்குப் பிடிபடவில்லை. பூவராகவன் அதைப் பார்த்தார். தான் செய்த காரியம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடுங்கிச் சுற்றினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. எஞ்சின் உறுமியபோது அவர் முகமெல்லாம் கரி.

பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றாள் நர்ஸ்.

மறுவாரம் தேவசகாயம் வேலைக்குத் திரும்பினான். நடுத்தெருவில் பூவராகவன் கையைத் தூக்கி பஸ்ஸை மறித்தார்.

"கொழந்த பால் குடிக்குதா, தேவசகாயம்?"

பின்னால் எஞ்சின் அணைந்தது.

"குடிக்குது மொதலாளி" என்று சொல்லிவிட்டு அவன் சக்கரத்தைச் சுற்றப் போனான். இந்தத் தடவை மனசுக்குள்கூடத் திட்ட முடியவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.