கப்பல் வரட்டும் என்ற கிராணி

கத்திகளைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பியூன் கதவோரம் வந்து நின்றார். "சிஸ்டர், நம்ம கிராணி போயிட்டாரு." மறுநாள் அவர் வீட்டு வாசலில் மாலையோடு வந்த ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் சொன்னார்: "யாருக்கும் ஒரு தொந்தரவும் குடுக்காத மனுசன்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரை அறிந்தவர்களே, கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த அம்பலவாணர் தொந்தரவு கொடுத்தார். எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொரு டாக்டருக்கும் கொடுத்தார். பட்டத்தைப் பார்த்துவிட்டு, படித்த கல்லூரிக்கும் முன்பு வேலைபார்த்த இடத்துக்கும் தாமே எழுதிக் கேட்பார். கப்பல் தபாலில் பதில் வந்து அவர் கையெழுத்துப் போடும்வரை பெரிய டாக்டர் அறுவை அறையைத் திறக்க மாட்டார். யார் அவசரப்படுத்தினாலும் யாழ்ப்பாணத்து நிதானத்தோடு ஒரே பேச்சு: "கப்பல் வரட்டும்."

ஒருமுறை வெள்ளிப்பூண் கைத்தடியோடு கண் டாக்டர் ஒருவரைத் தலைவரே அழைத்துவந்தார்.

"ஆளப் பாத்தாலே தெரியலையா, கிராணி? நமக்கு வேண்டியவரு லா. வார்டு நெறஞ்சு கெடக்கு."

"அதுக்காகத்தான் சொல்லுறன், ஐயா. போன கண் திரும்பி வராது. கப்பல் வரட்டும்."

தலைவர் விட்டாரா? சூலியா தெருவில் தம் கடை மாடியையே ஒழித்துக் கொடுத்தார். தலைவர் வீட்டு டாக்டர் என்று கூட்டம் அள்ளியது. என் அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை. "உங்க கிராணிக்குப் பொறாம" என்றவள், நான் வேலையிலிருந்த நேரம் பார்த்துப் போய்விட்டாள். கட்டை அவிழ்த்தபோது கண்ணெல்லாம் சீழ்.

கப்பல் வந்தது. தபால் மூட்டையை இறக்கிப் பிரிப்பதற்குள் கைத்தடிக்காரர் அதே கப்பலில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். அப்படி ஒருவர் தங்களிடம் படிக்கவே இல்லை என்றது கல்லூரி. வார்டில் காத்திருந்தவர்கள், பிறகு வந்த நல்ல டாக்டர் கையால் பார்வை பெற்றார்கள். என் அக்காவின் கண் போனது போனதுதான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே அதுகூட இல்லை, வசவுதான். "முன்னாடியே அடிச்சுச் சொல்லக் கூடாதா?" என்று தலைவர் அம்பலவாணர் மேலேயே பாய்ந்தார். வார்டிலிருந்தும் ஒருவர்கூட வந்து நன்றி சொல்லவில்லை. நான் கொதித்தேன். அம்பலவாணர் சொன்னார்: "தங்கச்சி, அந்தச் சனத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. என்னத்துக்கு நன்றி சொல்லுவினம்? ஒண்டும் நடக்காமப் பாக்கிறதுதான் என்ரை வேலை."

இப்போது அந்த நாற்காலிக்கு ஆளே வேண்டாம் என்று கமிட்டி தீர்மானித்துவிட்டது. வீண் செலவாம். போட்ட மாலை வாடக்கூட இல்லை!

நேற்று ஒரு புதியவர் தலைவரின் சிபாரிசோடு அறுவை அறைக்கே வந்துவிட்டார். பெரிய டாக்டர் விடுப்பில் இருக்கிறார். மேசையில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவசரமில்லாத கட்டிதான். வந்தவர் கத்தி கேட்டார்.

நான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வேலை போனால் போகட்டும். அம்பலவாணரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டே சொல். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவருக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"கப்பல் வரட்டும்."