அண்ணிக்காக அண்ணன் எடுத்த குட்டை வால்

"குணா அண்ணன் பூட்டாரு, அக்கா" என்று ஏரி மீன்காரர் ஆறுமுகம் போனில் சொன்னபோது நான் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். "ஏரியிலயா?" என்றேன். "இல்லக்கா, வூட்லதான். சேர்ல குந்திக்கினே." கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. முந்தின சாயங்காலம்தான் என் தையல் கடையில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்துவிட்டுப் போனார். அட கடவுளே, இதுவா போகிற வயது? இதை எழுதும்போதும் மனம் ஒப்பவில்லை.

கள்ளக்குறிச்சியில் அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் 'ஏரியிலயா?' என்று நான் கேட்டதையேதான் கேட்டீர்கள். உடலை எடுப்பதற்குள் 'ஏரியில போனாரு' என்று பேச்சு பரவிவிட்டது. துக்கத்துக்கு வந்த ஒரு அம்மாள், அவர் மனைவி மலர்க்கொடி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தடுத்திருக்கக் கூடாதாடி?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் நெஞ்சு வலி வந்துதான் போனார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. மஸ்கட்டில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தபோது, படகுப் பாய் கட்டிய பலகையில் நின்று, தண்ணீரில் காற்றோடு ஓடக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது பலகையோடு வந்தார். கல்வராயன் மலையிலிருந்து காற்று இறங்கும் நாட்களில் அடிவாரத்து ஏரியில் ஓட்டுவார். பாய் கிழிந்தால் தைப்பது நான்.

பலகைக்கு அடியில், பின்பக்கம், மீன் துடுப்பு மாதிரி ஒன்று நிற்கும். அதுதான் பலகையை நேராகப் பிடித்து ஓட்டும். அவர் ஃபின் என்பார், மீன்காரர்கள் வால் என்பார்கள். ஏரியில் முதல் தடவை, கடலில் மாட்டிய நீள வாலோடு இறங்கினார். கோடையில் ஏரி வற்றினால் உள்ளே உளுந்து போடுவது இங்கே வழக்கம். தண்ணீர் வந்த பிறகும் வரப்பு உள்ளே அப்படியே இருக்கும். வால் வரப்பில் குத்தியது. பலகை நின்றுவிட்டது, மனிதர் நிற்கவில்லை. முகமெல்லாம் சேறாக எழுந்து வந்தவரிடம் ஆறுமுகம், "இன்னாண்ணே, அறுப்புக்கு வந்தியா?" என்றார். அண்ணன்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஏரி வற்றும்போதெல்லாம் உள்ளே நடந்து, வரப்பும் வேலிக்கருவேல் கட்டையும் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வார். "ஏரியில தண்ணி கம்மி, நமக்கு ஆசை ஜாஸ்தி. ஆசையத்தான் கொறைச்சிக்கணும்" என்பார்.

அந்தக் கடைசிச் சாயங்காலம் என் வெட்டு மேசையில் இரண்டு குட்டை வால்களை வைத்தார். ஒன்று ஒல்லியாக நேராக இருந்தது. மற்றது அகலமாக, பின்னால் சாய்ந்து இருந்தது.

"உங்க அண்ணி பலகையில ஏற ஒத்துக்கினா" என்றார்.

"யாரு, அண்ணியா? ஏரிப் பக்கமே வராதவங்களாச்சே!"

"அதாம்மா. வுழுந்தா கால் தரையில படணும், இடுப்புக்கு மேல தண்ணி இருக்கக்கூடாது. அந்தத் தண்ணியில வாலும் முட்டக்கூடாது. நீளத்தைக் கொறைச்சா பலகை பக்கவாட்டுல வழுக்கும், அதனால அகலம் வேணும். சாஞ்சிருந்தா பாசியும் சிக்காது, வழுக்கிக்கினு போயிடும்."

சாய்ந்ததை எடுத்துக்கொண்டார். "வேகம் கம்மிதான். அவளுக்கு இன்னாத்துக்கு வேகம்?" என்று சிரித்தார். மறுநாள் காலை ஆறுமுகத்தின் போன்.

காரியம் அந்த ஏரிக்கரையிலேயே நடந்தது. முடிந்து சில நாள் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டார். "அந்த வாலை மாட்டி பலகைய ஏரிக்கு எடுத்துக்கினு வரச் சொல்லு ஆறுமுகத்த. ஊரு இன்னா வேணா பேசட்டும்."

அண்ணன் ஆறுமுகத்திடம் காட்டி வைத்திருந்த இடத்தில், பாய் இல்லாமல் வெறும் பலகையை நானும் ஆறுமுகமும் பிடித்துக்கொண்டோம். வால் எங்கும் தட்டவில்லை. அண்ணி ஏறி நின்றார். பலகை ஆடியதும் அலறிக்கொண்டு விழுந்தார். நான் பாய்வதற்குள் எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர் இடுப்பளவுதான்.

குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்துக் கத்தினார். "இவ்ளோதானாய்யா? இதுக்கா இத்தினி வருசம் உன்னோட சண்ட போட்டேன்? இடுப்புத் தண்ணிதான்னு தெனம் சொன்னியே, நான் நம்பலியேய்யா!"

குணா அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆழத்தில் நின்று அண்ணி அவரைத் திட்டிய அந்தக் குரலைத்தான்.