தின்னருக்குப் போகாத சிவப்பு

ஆண்டவரை நம்புகிற எல்லாருக்கும், களைத்துப்போன ஒருத்தனின் தோத்திரம். சபையில் நின்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். பத்து நிமிடம் நின்றால் எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. அதனால் வீட்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். நான் சொல்லச் சொல்ல என் மனைவி எஸ்தர் எழுதுகிறாள். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது. பொய் இருந்தால் அது என்னுடையது. ஆனால் இந்த முறை பொய் இல்லை. பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என் பெயர் ஞானராசு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். இரும்பு வேலையை விட நடிப்பு வேலைதான் அதிகம் செய்திருக்கிறேன். நொண்டுவேன், மயங்கி விழுவேன், செத்துப்போவேன். பட்டறையில் என்னை எல்லாரும் "நடிகரே" என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன், ஒரே ஒருத்தரைத் தவிர. அவர் பெயின்டர் காதர் பாய். பெரியவர். லாரியின் நெற்றியில் பூப்போட்டு எழுதுகிற கை. என் எந்த நக்கலுக்கும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறியது கிடையாது. அது என் தொழிலுக்கே அவமானம் என்று நினைத்திருந்தேன்.

அவரை எப்படியாவது அசைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு கேவலமான வேலை செய்தேன். அது நோன்பு மாதம். லாரிச் சட்டத்துக்குத் துரு பிடிக்காமல் இருக்க முதலில் அடிப்போமே, ரெட் ஆக்சைடு, காய்ந்த ரத்தம் மாதிரியே இருக்கும். அதில் ஒரு குவளையை வயிற்றில் ஊற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் வாயைப் பிளந்து படுத்துவிட்டேன். முதலில் பார்த்தது காதர் பாய். அந்த மனுசன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். வெறுங்காலோடு மெயின் ரோட்டுக்கு ஓடி, வண்டிகளை மறித்து, விழுந்து முழங்கால் பேர்த்துக்கொண்டு, ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்தார். நான் எழுந்து கும்பிடு போட்டேன். பட்டறையே சிரித்தது. பாய் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். முழங்காலைத் துடைத்துக்கொண்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவே இல்லை.

போன சித்திரை வெயிலில், ஒரு வியாழக்கிழமை, எனக்கு நிஜமாகவே அடிபட்டது.

அன்றைக்கு ஒரு பழைய லாரியின் பாடியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நான் உளியைப் பிடிக்க, முருகேசன் சம்மட்டியால் அடிக்க, ரிவிட்டு ஆணிகளை வெட்டி எடுக்கும் வேலை. அடி வாங்கி வாங்கி உளியின் தலை காளான் மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக நின்றது. அப்படி விரிந்தால் அதைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசிறு தெறிக்கும். இது பட்டறையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். காலையில் மேஸ்திரி பழனிசாமி அண்ணன் என்னிடம் சொன்னார்.

"ஏப்பா ஞானம், அந்த உளித் தலைய கிரைண்டிங்ல ஒரு தேய்ப்பு தேய்ச்சுட்டு வேலைய ஆரம்பி."

"பூ வெச்சிருக்குதுங்கண்ணா, பொம்பளையாட்டம் அழகா இருக்குது. இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றேன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேய்க்கவில்லை.

பத்தரை மணி இருக்கும். முருகேசன் ஓங்கி அடித்த ஒரு அடியில், இடது பக்க விலாவுக்குக் கீழே சுருக்கென்று ஒரு குத்து. கட்டெறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மிளகு அளவு ஒரு புள்ளி. சட்டையிலும் உடம்பிலும் ஏற்கெனவே ரெட் ஆக்சைடு அப்பிக் கிடந்ததில் ரத்தம் எது, பெயின்ட் எது என்று தெரியவில்லை. வலியும் இல்லை. சட்டையை இறக்கிவிட்டு மீதி ரிவிட்டுக்கு உளியைப் பிடித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு டீ வந்தது. நான் வேண்டாம் என்றேன். இருபது வருடத்தில் டீயை வேண்டாம் என்றது அன்றைக்குத்தான். ஆனால் தாகம். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இடது தோள்பட்டை வலித்தது. அடிபட்டது வயிறு, வலிக்கிறது தோள். உளி பிடித்த வலி என்று நினைத்தேன். பட்டறைத் தகரம் கொதிக்கிற வெயிலில் எனக்கு மட்டும் வேர்வை ஜில்லென்று வழிந்தது. எழுந்தால் கண் இருட்டியது. உட்கார்ந்தால் கொட்டாவி வந்தது. ஒரு லாரிக் கேபினின் நிழலில் போய்ச் சாய்ந்தேன். அப்படி ஒரு அசதி, சகோதரர்களே. கண்ணை மூடினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்கிற அசதி. சாவு இவ்வளவு சுகமாகக் கூப்பிடும் என்று எனக்குத் தெரியாது.

"முருகேசா, எனக்கு என்னமோ பண்ணுதுடா" என்றேன்.

"பாத்தீங்களா, நடிகர் ஆரம்பிச்சுட்டாரு! ஏனுங்க நடிகரே, இன்னைக்கு எந்த சீனுங்க?"

"நெசமாத்தான்டா."

"அட அட அட! கொரலு கூட நடுங்குதுங்கோவ்!"

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ரெட் ஆக்சைடு ஊத்தியாச்சா? சரி, சாயங்காலம் வரைக்கும் செத்துக் கெட. ஆனா வேலைய முடிச்சுட்டுச் சாவு."

அவர்கள் மேல் தப்பே இல்லை. நடிகன் என்கிற பெயர் இருபது வருடமாக நானே கட்டிய பாடி. ஒரு ஆணிகூட அசையவில்லை.

போனை எடுத்து எஸ்தரைக் கூப்பிட்டேன். அவள் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலைக்குப் போகிறாள்.

"எஸ்தரு, ஒடம்பு சரியில்ல புள்ள."

"காலைல ஆறு இட்லி தின்னீங்களே, அப்ப நல்லா இருந்துச்சா? கையில வேலையா இருக்கேன், வைங்க."

"சரி" என்று வைத்துவிட்டேன்.

இனி யாரையும் கூப்பிடத் தெம்பு இல்லை. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. சபையில் மற்றவர்கள் உருகும்போது பின்வரிசையில் உட்கார்ந்து பக்கத்து ஆளைக் கிச்சுகிச்சு மூட்டுகிறவன் நான். அன்றைக்கு அந்த நிழலில் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் சொன்னேன். "ஆண்டவரே, என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரு ஆளை அனுப்புங்க." அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. தூரத்தில் நின்றிருந்த காதர் பாயைக் கூப்பிட்டார்.

"பாய், இவன் மேல இருக்கற பெயின்ட்ட தின்னர் போட்டுத் தொடச்சு உடுங்க. ஊட்டுக்குத் தொரத்தறேன். இவனோட ரோதனை தாங்கல."

பாய் வந்தார். துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்தார். என் சட்டையைத் தூக்கி வயிற்றைத் துடைத்தார். தின்னர் பட்டால் ரெட் ஆக்சைடு கரைந்து வந்துவிடும். சுற்றிலும் வந்தது. நடுவில் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் போகவில்லை. திரும்பத் துடைத்தார். எனக்கு நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. வளையம் அப்படியே இருந்தது. பாய் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் விரலை நனைத்து அதைத் தொட்டார். உடனே கரைந்து அவர் விரலில் ஒட்டியது.

விரலைப் பார்த்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மேஸ்திரி, இது பெயின்ட் இல்ல. தின்னருக்குப் போகாம தண்ணிக்குப் போகுது. கை ஐஸா இருக்குது. நாடி குதிரையாட்டம் ஓடுது. இந்த ஆளு நடிக்கல."

பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது.

முருகேசன் ஓடிப்போய்க் காந்தமும் குறடும் எடுத்துவந்தான். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் காந்தம் வைத்துத்தான் எடுப்போம். அதுதான் எங்கள் வைத்தியம். "இரும்புதானுங்க பாய் உள்ள போயிருக்கும், இழுத்துப் போடலாமுங்க."

"தொடாத! உள்ள எதக் கிழிச்சு வெச்சிருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

யாரோ சோடா கொண்டுவந்தார்கள். அதையும் பாய் தட்டிவிட்டார். "இனிமே வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க."

வாசலில் முட்டை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி, பின்கதவு வெல்டிங்குக்காக நின்றிருந்தது. என்னை முன் சீட்டில் சாய்த்து, பாய் பக்கத்தில் ஏறிக்கொண்டார். டிரைவர் தயங்கினான். "பள்ளமும் மேடுமா இருக்குதுங்க பாய். மெதுவாத்தான் போகோணும். லோடு முட்டைங்க."

"முட்டை ஒடஞ்சா நான் பதில் சொல்றேன். இவன் போனா யாரு பதில் சொல்றது? ஓட்டுப்பா."

வழியெல்லாம் என் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார். "தூங்காத ஞானம். பேசு. எப்பவும் பேசுவியே, இப்பப் பேசு." எனக்கு ஒரு நக்கலும் வரவில்லை. நோன்பு மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என் வயிற்றை அமுக்கினார். வயிறு பலகை மாதிரி இருந்தது. தோள் வலிக்கிறதா என்று அவரே கேட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வயிற்றில் நெடுக்க ஒரு தையல். உளியிலிருந்து தெறித்த மிளகு அளவு இரும்புத் துண்டு உள்ளே போய் மண்ணீரலைக் கிழித்திருந்தது. எனக்குள் அப்படி ஒரு சாமான் இருப்பதே அதை எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னார்:

"வெளிய ஒரு சொட்டு, உள்ள ஒரு சொம்பு ரத்தம். காயம் சின்னதா இருக்குன்னு உக்காந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா உக்காந்த எடத்துலயே முடிஞ்சிருக்கும்."

எஸ்தர் பக்கத்தில் அழுது வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். "நான் போன் வெச்ச கையோட முட்டை அட்டைங்களுக்கு நடுவுல முழங்கால் போட்டுட்டேன் தெரியுமா?" என்றாள்.

"நீதான் நம்பலயே புள்ள?"

"நான் திட்டுனதுக்கு நீங்க ஒரு நக்கல் கூட அடிக்காம 'சரி'ன்னு வெச்சீங்க. கல்யாணமாகி இத்தன வருசத்துல நீங்க 'சரி'ன்னு சொன்னதே இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க, இது நெசம்னு."

நேரம் கேட்டேன். அவள் முழங்கால் போட்டதும், மேஸ்திரி பாயைக் கூப்பிட்டதும் ஏறக்குறைய ஒரே நேரம். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்களோடு வாதாட எனக்குப் படிப்பும் இல்லை, மூச்சும் இல்லை. நான் சிரிக்காத ஆளைக் கேட்டேன். சிரிக்காத ஆள் வந்தார். அந்தப் பட்டறையில் அப்படி ஒருத்தர்தான் இருந்தார்.

மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து, தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னார். காதர் பாயின் தம்பி வாலிபத்தில் லாரி மேலிருந்து விழுந்தாராம். வெளியே ஒரு கீறலும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறார் என்று எல்லாரும் கேலி பேசிக்கொண்டிருக்க, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு சாயங்காலத்துக்குள் போய்விட்டாராம். அதைக் கேட்டபோது, அன்றைக்கு நோன்போடு பாய் எதற்காக அப்படி ஓடினார் என்று புரிந்தது. தையல் போட்ட வயிறு குலுங்க அழுதேன். சிரித்தால் வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுதால் அதை விட அதிகமாக வலித்தது.

பாய் பன்னும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"பாய், அன்னைக்கு உங்கள ஓட உட்டனே..."

"உடு. சாப்புடு."

அவ்வளவுதான் பேசினார்.

மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். இப்போது பட்டறைக்குப் போகிறேன், ஆனால் சம்மட்டி தூக்க முடியாது. மாடி ஏறினால் உட்கார வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அற்புதம் நடந்தால் மனுசன் துள்ளிக் குதிப்பான் என்று சாட்சிகளில் கேட்டிருக்கிறேன். நான் குதிக்கவில்லை. மெதுவாக நடக்கிறேன். நடப்பதே எனக்கு அற்புதம்தான்.

தினமும் காலையில் எல்லா உளியின் தலையையும் நானே தேய்த்து வைக்கிறேன். தேய்க்கும்போது ஜெபிக்கிறேன். அந்த மிஷின் சத்தத்தில் ஆண்டவருக்கு மட்டும்தான் கேட்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு தெறித்து உடம்பில் பட்டால், ஓட்டை சின்னதென்று உட்காராதே. தாகம், ஜில் வேர்வை, தலைசுற்றல், அடிபடாத இடத்தில் வலி, இதெல்லாம் உள்ளே ரத்தம் போகிற சேதி. எதையும் பிடுங்காதே, கிளம்பு. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டுவேன். தின்னர் போட்டுத் துடைத்துப் பார் என்பேன். அதற்குப் பிறகு யாரும் சிரிப்பதில்லை.

நக்கலை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை, அது மண்ணீரலில் இல்லை போல. ஆனால் செத்தவனாக மட்டும் நடிப்பதில்லை. போன வாரம்கூட பாயிடம் போய், "பாய், என் வெயிட்டு கொறஞ்சுபோச்சுங்க, லாரில ஏத்துனா டோல்ல பாதிக் காசுதான் வாங்கறாங்க" என்றேன். பாய் பிரஷ்ஷை லாரியிலிருந்து எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சுருக்கம் மாறவில்லை.

அந்த முகம் அப்படியே இருக்கட்டும் ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டேன்.

இதை வாசிக்கிற நீங்களும் என்னைப் போலக் களைத்துப்போய், யாரும் நம்பாத இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். உருக்கமாகக் கேட்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரே ஒரு வரி போதும். கேட்டுவிட்டுக் கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள். உதவி எந்த முகத்தோடு வரும் என்று தெரியாது. எனக்கு அது ஒரு கையில் பனியன் வேஸ்ட்டும் இன்னொரு கையில் தின்னர் டப்பாவுமாக வந்தது.