வக்கீலய்யா ஆபீசுக்குள் ஓடிய குழாய்

வக்கீலய்யா வீட்டிலேயே இருந்த ஆபீஸ் அறையில், என் மேசைக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் ஓடியது. தெருப்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, சட்டப் புத்தக அலமாரிகளுக்குக் கீழே நீண்டு, பின்சுவர் வழியாக வெளியே போகும். காலையில் தண்ணீர் விட்டதும் அது போடும் சத்தத்தில் கட்சிக்காரர்கள் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டும். புதிதாக வந்தவர்கள், "ஏனுங்க, ஆபீசுக்குள்ள எதுக்குங்க பைப்பு?" என்று கேட்பார்கள். நான் வக்காலத்து பாரத்தை எடுத்து வைப்பேன். உள்ளுக்குள் மட்டும் பெருமையாக இருக்கும்.

அறுபதுகளில் நான் அவரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த வழக்கை எடுத்தாலும், தானே எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் என்ன வாதாடுவோம் என்பதைத்தான் அவர் முதலில் பென்சிலால் எழுதிவைப்பார். "நம்ம கேஸ்ல ஓட்டை எங்கீன்னு நமக்குத்தானுங்க மொதல்ல தெரியோணும்" என்பார். அதற்காகக் கட்சிக்காரரைக் குடைந்து குடைந்து கேட்பார். சொந்த வீட்டில் சொல்லாததையெல்லாம் மனிதர்கள் அந்த அறையில் சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்கு, கம்பெனியை ஒட்டிய சந்து அவருடைய சொந்த இடம் என்று வாதாடி ஜெயித்துக் கொடுத்தார்.

சில வருடம் கழித்து வக்கீலய்யா தேர்தலில் நின்று நகராட்சிச் சேர்மன் ஆனார். எங்கள் ஆபீசுக்குப் பின்புறம், நொய்யல் கரையில், சாயப்பட்டறை வேலைக்காரர்களின் தெரு இருந்தது. பட்டறைகள் கழித்துவிட்ட தண்ணீர் கலந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டித்தான் பெண்கள் குடம் நிரப்பினார்கள். முதல் குழாய் உங்களுக்குத்தான் என்று ஓட்டுக் கேட்கப்போனபோது அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் ஆபீஸ் இருந்த பெரிய தெருவரைக்கும் குழாய் வந்துவிட்டது. அதற்கப்புறம் போக வழி அந்தச் சந்து ஒன்றுதான். முதலாளி நகராட்சிக்கு நேரில் வந்து, சந்து தன்னுடையது என்று வக்கீலய்யா வாங்கிக்கொடுத்த அதே கோர்ட்டுத் தீர்ப்பை, அந்த டிகிரியை, சேர்மன் மேசையில் வைத்தார். கூடியிருந்த கவுன்சிலர்கள் சிரித்துவிட்டார்கள்.

எனக்கோ ஒரே குஷி. அந்த வழக்கின் பென்சில் குறிப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதலாளி அன்று வாய்விட்டுச் சொன்ன ஒரு விஷயம் அதில் இருந்தது. அது வெளியே வந்தால் டிகிரி நிற்காது. தேடி எடுத்துத் தூசி தட்டி அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"இது கட்சிக்காரர் வக்கீல்கிட்டச் சொன்னதுங்க. சேர்மன் காதுல உழுகக் கூடாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அந்தச் சனம் ஆத்துத் தண்ணியவே குடிக்கோணுங்களா?" என்று கேட்டேன். அவரிடம் அதற்குமுன் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"உங்க மேசைய கொஞ்சம் முன்னால தள்ளிப் போட்டுக்கறீங்களா?" என்றார்.

மறுநாளே சுவரைத் துளைக்க ஆள் வந்துவிட்டது. வக்கீலய்யா தன் இடத்தின் வழியாகக் குழாய் போக நகராட்சிக்கு நிரந்தர உரிமை எழுதிக்கொடுத்தார். டைப் அடித்தவன் நான். "ஊரு சேர்மன் ஊட்டுல ஒரே புழுதி" என்று அவர் மனைவி நொந்துகொண்டார். தண்ணீர் வந்த அன்று பின்தெருப் பெண் ஒருத்தி முதல் குடத்தை ஆபீசுக்கே சுமந்து வந்தாள். அவர் எழுந்து நின்று வாங்கிக் குடித்தார். இரண்டு மாதம் கழித்து அந்த முதலாளி வேறொரு வழக்கோடு எங்களிடமே வந்தார். வேறு வக்கீலிடம் போக அவருக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த அறையில் ஒரு கம்பெனி பேக்கிங் நடத்துகிறது. போன மாதம் போயிருந்தேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே குழாய் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. கதையைக் கேட்ட மேனேஜர், "அந்தக் குறிப்புல அப்படி என்னங்க இருந்துச்சு?" என்றார். வக்கீலய்யா போய்விட்டார், முதலாளியும் போய்விட்டார், சந்து இருந்த இடத்தில் கட்டடம் நிற்கிறது.

ஆனாலும் நான் சொல்லவில்லை. நான் வக்கீலய்யாவின் குமாஸ்தா.